மளிகை லிஸ்டில் இன்னும் ஒரு வரி

கல்யாண மண்டபம் நடத்துகிறவர்களுக்கும், சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்களுக்கும் வணக்கம். வெட்டுக்காயத்தில் ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும் துணியை உங்கள் மளிகை லிஸ்டில் சேர்க்கச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு சின்ன மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 14 வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். என் அம்மா கல்யாண வீடுகளுக்குக் காய் நறுக்கப் போனவர். எங்கள் மருத்துவமனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மூன்று மண்டபங்கள் இருக்கின்றன. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு எனக்கு டியூட்டி விழுந்தால், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு யாராவது ஒருவர் வந்துவிடுவார்.

போன வைகாசியில் ஒரு அக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும். சாம்பாருக்குப் பூசணிக்காய் நறுக்கும்போது கத்தி வழுக்கி, இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறங்கியிருந்தது. துண்டைப் பிரித்தால் காயமே தெரியவில்லை. காபித்தூள்தான் தெரிந்தது. அதன்மேல் மஞ்சள்தூள். இரண்டும் ரத்தத்தில் குழைந்து, காய்ந்து, அடை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. சலைன் ஊற்றி ஊற்றிக் கழுவி, சதைக்குள் போயிருந்த தூளைக் காஸ் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. கழுவக் கழுவ ரத்தம் திரும்ப வந்தது. பிறகு நான்கு தையல். வெட்டுப்பட்டபோது அழாதவர், நான் கழுவும்போது அழுதார்.

எப்போது வெட்டியது என்று கேட்டேன். "ஒம்போது மணி இருக்கும் சிஸ்டர். மிச்சக் காயை முடிச்சுக் குடுத்துட்டு வந்தேன்" என்றார். அப்போது மணி பன்னிரண்டரை.

மண்டபத்தில் முதலுதவிப் பெட்டி இல்லையா என்றும் கேட்டேன். மேனேஜர் ரூமில் இருக்கிறதாம். ரூம் பூட்டியிருந்ததாம்.

அந்த அக்காவையோ, பதறிப்போய்க் காபித்தூளை அள்ளி வைத்த மாஸ்டரையோ நான் குறை சொல்லவில்லை. கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததை வைத்தார்கள். என் அம்மாவும் அதைத்தான் செய்வார். அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள்தான்.

நான் கேட்பது ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும் காஸ் துணி. மெடிக்கல் கடையிலோ, சர்ஜிக்கல் பொருள்கள் விற்கும் கடையிலோ 'ரத்தம் உறைய வைக்கும் டிரெஸ்ஸிங்' என்று கேளுங்கள். கடையில் இல்லையென்றால் வரவழைத்துத் தருவார்கள். இதில் இரண்டு மூன்று வகை உண்டு. ஒன்று கயோலின் ஏற்றியது. கயோலின் என்பது ஒருவகை வெள்ளைக் களிமண். அது பட்டதும், ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிற உறையும் பொருள்கள் முடுக்கிவிட்ட மாதிரி வேலை செய்யத் தொடங்கும். ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் லேப் பரிசோதனையிலும் இதே கயோலினைப் பயன்படுத்துவது உண்டு. இன்னொன்று கைட்டோசான். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. இது சிவப்பணுக்களைத் தன் பக்கம் இழுத்து, பசை போல் ஒட்டிக்கொண்டு காயத்தின் வாயை அடைக்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் வகையும் இருக்கிறது. அது ரத்தம் உறைவதற்குத் தேவையான கால்சியத்தைக் காயத்தில் விடுகிறது.

சைவக் கல்யாணச் சமையற்கட்டில் இறால் ஓட்டுப் பொருளை வைப்பதா என்று சிலருக்குத் தயக்கம் வரும். என் அம்மாவுக்கே வந்தது. அப்படியென்றால் களிமண் வகையோ கடற்பாசி வகையோ வாங்குங்கள். எது வாங்கினாலும் தூளாக வாங்க வேண்டாம், துணியாக வாங்குங்கள். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்தினர் ஜியோலைட் என்ற தாதுத் தூளைக் காயத்தில் கொட்டினார்கள். ரத்தம் நின்றது, ஆனால் தூள் சூடேறிச் சதையைச் சுட்டது. அப்புறம்தான், 2008 வாக்கில், கயோலின் ஏற்றிய காஸுக்கு மாறினார்கள். சமையற்கட்டில் தூள் ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பறந்து அண்டாவில் விழும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அடுக்களையில் படும் வெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் துணி தேவையே இல்லை. சுத்தமான துணியை வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் நின்றுவிடும். சிறப்புத் துணி வைத்தாலும் அழுத்தாவிட்டால் பலன் இல்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். நின்ற பிறகும் பிய்த்து எடுக்கக் கூடாது. அதன்மேலேயே கட்டுப் போட்டு எங்களிடம் அனுப்புங்கள், நாங்கள் நனைத்து எடுத்துக்கொள்கிறோம். விரலடியில் ரப்பர் பேண்டு, சணல் கயிறு போட்டு இறுக்குகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நீலம் பாரித்த விரலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் இந்தத் துணி யாருக்கு? உள்ளங்கையில் ஆழமாக வெட்டிக்கொண்டவருக்கு. முட்டைக்கோஸ் சீவும்போது விரல் நுனியைச் சீவிக்கொண்டவருக்கு. அந்த இடத்தில் சேர்த்துத் தைக்கத் தோலே இருக்காது, மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். எல்லாரையும்விட முக்கியமாக உங்கள் மூத்த மாஸ்டர்களுக்கு. அவர்களில் எத்தனை பேர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, தினமும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் விழுங்கிவிட்டு அடுப்பு முன்னால் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? ரத்தம் கட்டியாகாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. மற்றவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் நிற்கிற ரத்தம் அவர்களுக்கு நிற்காது. கைட்டோசான் வகை உடம்பின் உறையும் பொருள்களை நம்பி இருப்பதில்லை என்பதால், அப்படிப்பட்டவர்களுக்கும் கைகொடுக்கும். வேலைக்கு எடுக்கும்போதே 'ரத்தம் மெலியும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளர்களுக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வேண்டும், வேலை நடக்கும் நேரம் முழுவதும் அது எளிதில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் ஹோட்டல், உணவகம், சாப்பாட்டு இடம் ஆகியவற்றை 'தொழிற்சாலை' என்ற வரையறையிலிருந்தே அந்தச் சட்டம் விலக்கி வைத்தது. ஒரே இரவில் ஆயிரம் இலைக்கு நறுக்குகிற கைகளுக்கு, ஒரு பனியன் கம்பெனிக்குக் கிடைத்த பெட்டி அந்தச் சட்டத்தில் கிடைக்கவில்லை. பெட்டி வைக்க நீங்கள் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் உங்கள் பந்தியும் அடங்கியிருக்கிறது. சீழ் பிடித்த காயத்தில் இருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உணவில் விடும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. வெட்டுப்பட்ட கையோடு மூன்றரை மணி நேரம் அந்த அக்கா நறுக்கிய காய்தான் மறுநாள் சாம்பாரில் போனது. வெட்டுப்பட்டவரை அன்றைக்குச் சாப்பாட்டில் கைவைக்காத வேலைக்கு மாற்றுங்கள், கூலியைக் குறைக்காமல். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அந்த அக்கா வேலையை முடித்துவிட்டு வந்தது வீம்பால் இல்லை. பாதியில் எழுந்தால் பாதிக் கூலி என்பது அவருக்குத் தெரியும். பத்து நிமிடம் உட்கார்ந்து அழுத்த விடாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துணியும் பாக்கெட்டுக்குள்ளேயேதான் கிடக்கும்.

இன்று எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒட்டும் பிளாஸ்திரியே ஓர் அடுக்களையில்தான் தொடங்கியது. 1920இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியில் பஞ்சு கொள்முதல் பார்த்த எர்ல் டிக்சன், சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட தன் மனைவி ஜோசஃபினுக்காக, ஒட்டும் நாடாவில் காஸ் துண்டுகளை வைத்துத் தயார் செய்து கொடுத்தார். தேவையானபோது அவரே வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு அதை அவருடைய கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. தன் வீட்டுக்காரி ஒற்றைக் கையால் எப்படிக் கட்டுப் போட்டுக்கொள்வாள் என்று அவர் யோசித்தது எனக்கு மிகவும் பிடிக்கும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை, விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, நுனி மரத்துப்போயிருக்கிறது, காயம் வாய் பிளந்திருக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே அனுப்புங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்துக் கூடவே கொடுத்தனுப்புங்கள். விரலை நேராக ஐஸில் போடாதீர்கள். டி.டி. ஊசி எப்போது போட்டார்கள் என்று கேட்டுச் சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நீங்கள் மளிகை லிஸ்ட் எழுதுகிறீர்கள். கட்டிப் பெருங்காயத்திலிருந்து கற்பூரம் வரை ஒன்று விடாமல் எழுதுகிறீர்கள். அதன் கடைசியில் இந்தத் துணி இரண்டு பாக்கெட், சாதாரண காஸ், கட்டுத்துணி, தண்ணீர் புகாத பிளாஸ்திரி என்று சேர்த்து எழுதுங்கள். சாதாரண காஸைவிட இது விலை அதிகம்தான். ஆனால் பிரிக்காத பாக்கெட்டை, காலாவதித் தேதியைப் பார்த்து, அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். காய் நறுக்கும் இடத்திலேயே ஆணி அடித்து ஒரு பையில் மாட்டுங்கள். பூட்டு வேண்டாம்.

அந்த அக்கா தையல் பிரிக்க வந்தபோது, நான் வாங்கி வைத்திருந்த இரண்டு பாக்கெட்டைக் கொடுத்தேன். எப்படி அழுத்துவது என்று என் கையிலேயே வைத்துக் காட்டச் சொன்னேன். மூன்று தடவை செய்து காட்டினார், மூன்றாவது தடவை சரியாக வந்தது. உங்கள் ஆட்களுக்கும் அப்படிச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு மணி நேரம் போதும். எங்கள் பகுதி மண்டபங்களில் எது கூப்பிட்டாலும், டியூட்டி இல்லாத நாளில் வந்து சொல்லித் தருகிறேன். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
காய் நறுக்கிய ஒரு அம்மாவின் மகள், நர்ஸ்