இயக்க விதிகளுக்கும் ஒரு செய்முறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் பாடமான ‘இயக்க விதிகள்’ குறித்து, அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில், பள்ளிக் கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் மாலை வேளைகளில் பாடம் கேட்க என் வீட்டுக்கு வருவதுண்டு. நியூட்டனின் மூன்றாம் விதியைக் கேட்டால், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பதையும், அவ்விரண்டும் வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படும் என்பதையும் தடுமாறாமல் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால், கடந்த பொங்கலுக்கு நடந்த கயிறு இழுக்கும் போட்டியில் வென்ற அணி இழுத்த விசை பெரியதா, தோற்ற அணி இழுத்த விசை பெரியதா என்று கேட்டபோது, வென்ற அணியின் விசைதான் பெரியது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ரெண்டும் சமம்னா யாருமே ஜெயிக்க முடியாதே, டீச்சர்?” என்று கேட்டாள். அன்று அந்த விதியை உண்மையாகவே யோசித்துப் பார்த்தவள் அவள்தான்.

மறுநாள் பழைய பேப்பர் கடையிலிருந்து இரண்டு வில் தராசுகளை இரவல் வாங்கி வந்து, அவற்றின் கொக்கிகளை ஒன்றோடொன்று மாட்டினேன். ஒரு முனையை அந்த மாணவியிடமும் மறுமுனையை அவளைவிட ஒரு சாண் உயரமான மாணவனிடமும் கொடுத்து, மொசைக் தரையில் எதிரெதிரே நின்று இழுக்கச் சொன்னேன். அவன் காலுறை அணிந்திருந்தான். அவள் வெறுங்காலுடன் நின்றாள். யார் எவ்வளவு பலமாக இழுத்தாலும் இரண்டு முட்களும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. முட்கள் ஏழு கிலோவைத் தாண்டியபோது அந்த உயரமான பையன் அவள் பக்கம் வழுக்கிக்கொண்டு போனான். வெற்றியைத் தீர்மானித்தது கயிற்றின் இழுப்பு அல்ல, காலுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு என்பதை அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் மீது செயல்பட்ட இழுப்பு, அவனுடைய காலுறைக்குத் தரை தர முடிந்த உராய்வைவிடப் பெரியது. அவள் மீது செயல்பட்ட அதே அளவு இழுப்பை அவளுடைய வெறுங்கால் தாங்கிக்கொண்டது. இரு வேறு பொருள்கள் மீது செயல்படும் விசைகள் ஒன்றையொன்று ஏன் நீக்கிக்கொள்வதில்லை என்று, முதல் நாள் கேள்வி கேட்ட அதே மாணவி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

2019-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பாடநூலின் செய்முறைப் பகுதியில், இயற்பியலுக்கு உரியவை மூன்று சோதனைகள். குவிலென்சின் குவியத் தொலைவும் மின்தடை எண்ணும் வேறு பாடங்களைச் சேர்ந்தவை. இயக்க விதிகள் பாடத்துக்கு உரியது, மீட்டர் அளவுகோலை நடுவில் தொங்கவிட்டு, இருபுறமும் விசைகள் அதைத் திருப்பும் விளைவு சமமானால் அது அசையாமல் நிற்கும் என்ற திருப்புத்திறன்களின் தத்துவத்தால் ஒரு பொருளின் எடையைக் காணும் சோதனை. அது நல்ல சோதனை. அதை நீக்கச் சொல்லவில்லை. ஆனால் அளவுகோல் அசையாமல் நின்றால்தான் அந்தச் சோதனை முடிகிறது. இயக்கத்தைப் பற்றிய பாடத்தில் எதுவுமே இயங்குவதைப் பார்த்து அளக்காமல் ஒரு மாணவர் செய்முறைத் தேர்வின் 25 மதிப்பெண்ணையும் பெற்றுவிட முடிகிறது என்பது என் நெடுநாளைய வருத்தம்.

நியூட்டன் தம் விதிகளை 1687-இல் வெளியிடுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, சாய்தளத்தில் குண்டுகளை உருட்டிப் பார்த்தவர் கலிலியோ. நொடிகளைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் இல்லாத அக்காலத்தில், ஒழுகிச் சேர்ந்த நீரை எடைபோட்டு அவர் காலத்தை அளந்தார். காலம் இரு மடங்கானால் குண்டு கடக்கும் தொலைவு நான்கு மடங்காவதை அவ்வாறுதான் கண்டார். நமக்கு வயரிங் வேலைக்குப் பயன்படும் பி.வி.சி. பட்டை ஒன்றும் ஒரு கோலிக்குண்டும் போதும். நிறுத்துக்கடிகாரம் ஆசிரியரின் கைப்பேசியிலேயே இருக்கிறது.

கணக்குகளும் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் காரில், தாயின் மடியில் 20 கிலோகிராம் நிறையுள்ள குழந்தை அமர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோதலில் அக்குழந்தையை 0.1 நொடியில் நிறுத்த 2,000 நியூட்டன் விசை வேண்டும். ஏறத்தாழ 200 கிலோகிராமைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். எந்தத் தாயின் கையாலும் அது ஆகாது. கணத்தாக்கு (விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கி வருவது) என்ற சொல்லை இப்படி ஒரு கணக்கோடு கற்ற பிள்ளை, இருக்கைப் பட்டையைப் பற்றி வீட்டில் தானே பேசும்.

ஆகவே, வில் தராசுச் சோதனையையோ சாய்தளச் சோதனையையோ பத்தாம் வகுப்புச் செய்முறைப் பட்டியலில் சேர்க்குமாறும், விதியை எழுதச் சொல்லும் வினாவோடு, சமமான அந்த இரு விசைகள் ஏன் ஒன்றையொன்று நீக்குவதில்லை என்னும் வினாவையும் பொதுத்தேர்வில் கேட்குமாறும் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பள்ளிக்கு இரண்டு வில் தராசுகள் போதும். அவற்றை ஆசிரியர் மேசையில் வைத்துக் காட்டாமல், பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.