ஈரான் கட்டுரையில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஈரானைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1953 ஆட்சிக் கவிழ்ப்பு, எண்ணெய் அரசியல், 1979 புரட்சி எல்லாம் தெளிவாக வந்திருக்கின்றன. ஆனால் மன்னர்கள், மதத் தலைவர்கள், வல்லரசுகள் என்றே போகிற கட்டுரையில் கடைத்தெருவையும் பெண்களையும் காணவே இல்லை. மக்கள் போராட்டம் என்று தலைப்பிட்டுவிட்டு இவர்களை விட்டது சரியல்ல.

1890-ல் ஈரான் மன்னர் நாசிருத்தீன் ஷா, நாட்டில் விளையும் புகையிலை மொத்தத்தையும் வாங்கி விற்கும் உரிமையை டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு 50 ஆண்டுகளுக்குத் தூக்கிக் கொடுத்தார். பதிலுக்கு ஆண்டுக்கு 15,000 பவுண்டும் லாபத்தில் கால் பங்கும். பயிரிட்டவரும் சில்லறைக் கடைக்காரரும் ஒரே அந்நியக் கம்பெனியின் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை. ஷிராஸில் கிளம்பிய எதிர்ப்பு தப்ரீஸ், மஷ்ஹத், இஸ்ஃபஹான் எனப் பரவியது. மாதக்கணக்கில் இது நடந்த பிறகுதான், 1891 டிசம்பரில், ஷியா மதத் தலைவர் மிர்சா ஹசன் ஷிராஸியின் பெயரில் புகையிலைக்கு எதிரான ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, வந்தது. ஊரெல்லாம் ஹூக்கா என்கிற புகைக்குழாய் அணைந்தது. மன்னரின் அந்தப்புரப் பெண்களே அதை ஒதுக்கினார்கள். அடுத்த மாதமே ஒப்பந்தம் ரத்து. கம்பெனிக்குக் கொடுத்த நஷ்டஈடு 5 லட்சம் பவுண்டு, அதுவும் கடன் வாங்கி! ஃபத்வாவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு வழி திறந்த வணிகர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

1905 டிசம்பரிலும் அப்படித்தான். சர்க்கரை விலையை ஏற்றினார்கள் என்று தெஹ்ரான் ஆளுநர் வியாபாரிகளின் உள்ளங்காலில் அடிக்கச் செய்தார். கடைவீதி மூடப்பட்டது. மறு கோடையில் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்தில் 12,000 பேருக்கு மேல் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே எழுந்த நாடாளுமன்றக் கோரிக்கைக்கு 1906 ஆகஸ்டில் அப்போதைய மன்னர் இணங்கினார்.

அந்த நாடாளுமன்றத்துக்கான தேர்தல் சட்டம் பெண்களுக்கு ஓட்டுரிமை தரவில்லை. அப்படியிருந்தும், அந்நியக் கடனுக்குப் பதில் தேசிய வங்கி தொடங்கலாம் என்று பேச்சு எழுந்தபோது பெண்கள் நகைகளை விற்றுப் பணம் கொடுத்தார்கள். 1911-ல் ரஷ்யா மிரட்டியபோது, பணியக் கூடாது என்று பர்தாவுக்குள் கைத்துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்கே போய் உறுப்பினர்களிடம் கேட்டார்கள் என்று அங்கே கருவூலப் பொறுப்பிலிருந்த அமெரிக்கர் ஷஸ்டர் எழுதிவைத்திருக்கிறார். அவர்களுக்கு ஓட்டு கிடைத்தது 1963-ல்தான்.

1979 மார்ச் 8 அன்று, புரட்சி வென்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், தலைமறைப்பைக் கட்டாயமாக்குவதை எதிர்த்துத் தெஹ்ரானில் பெண்கள் திரண்டதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டாமா? தலைமறைப்பைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி என்ற இளம்பெண் 2022-ல் காவலில் இறந்த பிறகு எழுந்த கோபத்தைத் திடீரென வெடித்ததாக எழுதியிருக்கிறார். அது திடீர்க் கோபம் அல்ல.

அடுத்த இதழில் இரண்டாம் பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்தப் பெண்களுக்கும், 1978-ல் வேலைநிறுத்தம் செய்து அப்போதைய மன்னர் ஷாவின் எண்ணெய் வருமானத்தை முடக்கிய தொழிலாளர்களுக்கும் இடம் ஒதுக்குமாறு கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருச்சி