மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. கொஞ்ச நாளைக்கு அவரை மாடிப்படி ஏற விடாதே. சொன்னால் கேட்க மாட்டார், நீதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கனில் எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பள்ளி பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறாள். சனிக்கிழமை ஆனால் நம் டீமின் சிவப்புச் சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

உன் மகன் கேட்டானாமே, "ஒன்பது மேட்ச் தோற்ற டீமைப் பற்றி நீங்களும் மாமாவும் ஏன் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள்?" என்று. அவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், படித்துக் காட்டு.

நம் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் டீம் 2021-இல் 12 ஆட்டங்களில் மூன்றில்தான் ஜெயித்தது. ஆனால் தோற்ற ஒன்பதில் ஒன்றில்கூட வித்தியாசம் ஒன்பது புள்ளிகளைத் தாண்டவில்லை. மொத்தக் கணக்கில் நாம் எடுத்தது 335, விட்டது 272. எதிரணிகளைவிட 63 புள்ளிகள் அதிகம் எடுத்த ஒரு அணி 3-9 என்று முடித்தது! நார்த்வெஸ்டர்னை 56-7 என்று அடித்ததும் இதே பையன்கள்தான். அடிவாங்கிச் சுருண்ட சீசனாக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்போம்.

ராசியில்லை என்று இங்கே இன்னும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஓட்டை விழுந்தது, உதைக்கும் இடத்தில். இல்லினாயில் நடந்த முதல் ஆட்டத்தில், கோல் கோட்டருகே விட்டுவிட வேண்டிய பண்டை, அதாவது எதிரணி நம் பக்கம் தூக்கி உதைத்த பந்தை, பிடிக்கப் போய் சேஃப்டி என்று அவர்களுக்கு இரண்டு புள்ளி கொடுத்தோம். ஓக்லஹோமாவில் நாம் டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) எடுத்த பிறகு உதைத்த உதையைத் தடுத்து, அதையே எடுத்துக்கொண்டு ஓடி அவர்கள் இரண்டு புள்ளி வாங்கினார்கள். 23-16. 1971-இல் அவர்களை 35-31 என்று ஜெயித்த அந்தப் பெரிய ஆட்டத்தின் ஐம்பதாவது வருஷம் அது.

அப்புறம் மிச்சிகன் ஸ்டேட். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இரண்டாம் பாதியில் நம் தடுப்பாட்டக்காரர்கள் அவர்களை ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (நான்கு முயற்சிக்குள் பத்து கஜம்) எடுக்க விடவில்லை. 20-13 என்று முன்னிலை, நான்கு நிமிஷம்கூட மிச்சமில்லை. நம் பண்ட் வலப்பக்கம் போக வேண்டும் என்பது திட்டம். நம் ஆட்கள் எல்லோரும் வலப்பக்கம் ஓடுகிறார்கள், பந்து இடப்பக்கம் பறக்கிறது. அங்கே அவர்களுடைய ஜேடன் ரீட் தனியாக நிற்கிறார். 62 கஜம் ஓடி டச்டவுன், தொடுவதற்கு ஆளில்லை, 20-20. ஓவர்டைமில் நாம் எறிந்த பந்தை அவர்கள் பிடித்துவிட்டார்கள், பிறகு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி) அடித்தார்கள், 23-20. ஒரு பாதி முழுக்க உயிரைக் கொடுத்து விளையாடியதை ஒற்றை உதை தின்றுவிட்டது.

மிச்சிகன் (இது மிச்சிகன் ஸ்டேட் இல்லை, வேறு அணி) ஆட்டம் மட்டும் வேறு கதை. பத்தாயிரக்கணக்கில் ஜனம், ராத்திரி வெளிச்சம், 29-29. நம் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்துகிறவர்) ஏட்ரியன் மார்ட்டினெஸ் பந்தோடு முட்டிக்கொண்டு முன்னேறுகிறார். இரண்டு மூன்று பேர் பிடித்து நிறுத்தியும் கால் ஓயவில்லை. அந்த இழுபறியில் பந்தைக் கையிலிருந்து உருவிவிட்டார்கள். விசில் கொஞ்சம் முந்தி ஊதியிருந்தால் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. 39 கஜ ஃபீல்ட் கோல், 32-29. அந்த மிச்சிகன்தான் அந்த வருஷம் நாம் ஆடும் பிக் டென் லீக்கின் பட்டத்தை வாங்கியது.

மார்ட்டினெஸைத் திட்டியவர்கள் அதிகம். அவர் அந்த சீசனில் தாடை உடைந்த நிலையிலேயே ஆடினார் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது. அவ்வளவு பழியும் ஒரு பையன் தலையில் விழுந்தது அநியாயம். அடுத்த வருஷம் கன்சஸ் ஸ்டேட்டுக்குப் போய், நாம் தோற்ற அதே ஓக்லஹோமா மைதானத்தில் நான்கு டச்டவுன் ஓடி 41-34 என்று ஜெயித்துக் காட்டினார். அன்றைக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் அவருக்காகக் கத்தியிருப்பார்கள், நானும்தான்.

அப்போதைய கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் விஷயத்தில் நமக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை, தெரியும். 1997-இல் நம் சாம்பியன் அணியின் குவார்ட்டர்பேக், இந்த மாநிலத்துப் பிள்ளை. 2017-இல் யூசிஎஃப் என்ற பல்கலைக்கழக அணியை ஒரு தோல்வியும் இல்லாமல் நடத்திவிட்டு வந்தவர். அவருக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம் என்று நீ எழுதியிருக்கிறாய். கொடுக்கத்தானே செய்தார்கள்? சம்பளத்தை 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சமாகக் குறைத்து, இன்னொரு வருஷம் வைத்துக்கொண்டார்கள். ஆனால் 2021 நவம்பரில் நீக்கிய நான்கு உதவி கோச்சுகளும் தாக்குதல் பக்கத்தவர்கள். நோய் ஓரிடம், மருந்து ஓரிடம். அந்த மாதக் கடைசியில் ஐயோவாவிடம் 21-6 என்று முன்னிலையில் இருந்து, பண்டைத் தடுக்கவிட்டு டச்டவுன் கொடுத்து, 28-21 என்று தோற்றோம். உதைக்கும் பிரிவுக்கென்று தனியாக ஆள் போட்டது அதற்குப் பிறகுதான். 2022-இல் மூன்றாவது ஆட்டத்தோடு ஃப்ராஸ்டையும் அனுப்பிவிட்டார்கள். பொறுப்பு அவருடையதுதான், அதில் நான் மாறமாட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் மைதானம் நிறைந்தே இருந்தது. 1962-இலிருந்து டிக்கெட் விற்றுத் தீராத ஆட்டமே இல்லை. தோற்ற பிறகும் எதிரணி வெளியே போகும்போது நம் ஜனம் எழுந்து கைதட்டும், அதை உன் மகனுக்குச் சொல். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்தபோது, 2015-க்குப் பிறகு அதுதான் பௌலில் (சீசன் முடிந்து நடக்கும் சிறப்பு ஆட்டத்தில்) முதல் வெற்றி. இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று அழுதார்.

அடுத்த சீசனுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, தேதி உறுதியானதும் சொல்லு. டிக்கெட்டை நான் பார்த்து வைக்கிறேன். பையனையும் கூட்டி வா. மிச்சிகன் மேட்சை அதற்குள் ஒரு தடவை முழுசாகப் போட்டுக் காட்டு. தங்கச்சிக்கும் அப்பா அம்மாவுக்கும் என் அன்பு.

உன்,
குமார்