தோள் வலியை மாத்திரையால் மறைத்து ஆடவிடாதீர்கள்: பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். பந்தை ஓங்கி அடித்தோ, ஈட்டியை எறிந்தோ, விழும்போது கையை ஊன்றியோ தோளில் அடிபட்ட ஒரு மாணவர் முதலில் வந்து நிற்பது மருத்துவர் முன் அல்ல, உங்கள் முன்தான். அந்த நேரத்தில் நீங்கள் சொல்வதைத்தான் அவர் செய்வார் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

பதினேழு வயதில் கைப்பந்து ஆடும்போது என் வலத்தோளில் தசை இழுத்துக்கொண்டது. அன்றைக்கே சூடான எண்ணெய் தேய்த்து, கையை உயர்த்திப் பிடித்து உருவிவிட்டார்கள். மறுநாள் வலி மாத்திரை கொடுத்து ஆட இறக்கினார்கள். வலி தெரியாததால் நன்றாகவே ஆடினேன். இரவில் கையை அசைக்க முடியவில்லை. பிறகு பயந்துபோய் ஒரு மாதத்துக்கு மேல் கையைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டே வைத்திருந்ததில் தோள் இறுகிவிட்டது. நானே தலை பின்னிக்கொள்ளும் அளவுக்குக் கை பின்னால் போவதற்கு நான்கு மாதங்கள் ஆயின. எனக்கு இதையெல்லாம் செய்தவர் அக்கறையோடுதான் செய்தார். அந்த அக்கறைக்குச் சரியான வழி தெரிந்திருந்தால் போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

சுளுக்கு என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு காயங்களைக் குறிக்கிறோம். எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் இழுபடுவது ஒன்று. தசையோ, அதை எலும்போடு இணைக்கும் தசைநாணோ இழுபட்டு, சில இழைகள் கிழிவது மற்றொன்று. உடலிலேயே அதிகம் அசையக்கூடிய மூட்டு தோள்தான், ஆனால் அதன் எலும்புக்குழி ஆழமற்றது. நார்களோடு சேர்ந்து, சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள்தாம் கையெலும்பின் உருண்டைத் தலையை அந்தக் குழியில் பிடித்து நிறுத்துகின்றன. அடிபட்ட அன்றே அவற்றை அழுத்தி உருவினால் உள்ளே கசிவும் வீக்கமும் கூடும்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வேண்டியவை எளியவை. வலியைக் கூட்டும் அசைவுகளை, குறிப்பாகத் தலைக்கு மேல் கையைத் தூக்குவதை, நிறுத்தச் சொல்லுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வரை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வைக்கலாம். வெறும் தோலில் வைக்கக் கூடாது. இந்த நாட்களில் சூடான ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் வேண்டாம். ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் தாமே எழுதினார். ஆகவே பனிக்கட்டியை வலி தணிக்க மட்டும், அளவோடு பயன்படுத்துவதே சரி.

மருந்தைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் மன்றாட வேண்டியிருக்கிறது. பெரியவர்களின் இத்தகைய காயங்களுக்கு டைக்ளோஃபினாக் போன்ற மேற்பூச்சு ஜெல்லையே முதலில் நாடலாம் என்று, அமெரிக்க மருத்துவர்களின் இரு பெரிய அமைப்புகள் 2020-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால் உண்டு. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, சிறுவர்களுக்கு எடைக்கேற்ற அளவே. ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கும் ஆபத்தானவை என்பதால், விளையாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பொருளாக அவை இருக்கக் கூடாது. இரவில் தூங்கவும் பகலில் கையை மெல்ல அசைக்கவும் வலி நிவாரணி உதவட்டும். ஆட்டத்துக்கு முன்பு கொடுத்தால், நிறுத்து என்று உடல் சொல்வது அவருக்குக் கேட்காமல் போய்விடும். எனக்கு நடந்தது அதுதான்.

கடும் வலி குறைந்ததும் அசைவு தொடங்க வேண்டும். மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் மெல்ல ஆட்டுவதே பெரும்பாலும் முதல் பயிற்சி. பிறகு சுவரில் விரல்களை நடத்தி மேலேற்றுவது, அதன் பின் இழுவிசைப் பட்டை எனும் ரப்பர் பட்டையை இழுப்பது என்று இயன்முறை சிகிச்சையாளர் வழிகாட்டுவார். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வரை வலி வந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் கவலையில்லை. மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். லேசான இழுவை இரண்டு மூன்று வாரங்களில் ஆறும். பெரிய கிழிசலுக்கு மாதக் கணக்காகலாம், அங்கே போட்டித் தேதியைப் பார்த்து அவசரப்படுத்துவதில் பயனில்லை.

தோளின் வடிவம் மாறியிருந்தாலோ, கை மரத்துப்போனாலோ, கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ, மூட்டு சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். உங்களில் மூத்தவர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அடியே படாமல் தோளில் வலியும் கூடவே நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலும் வந்தால் அதைச் சுளுக்கென்று தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

தோளில் அடிபட்டவர் திரும்பி வரும்போது "ஆட முடியுமா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் முடியும் என்றே சொல்வார்கள், நானும் சொன்னேன். "ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிந்ததா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், கைக்கு அடியில் தலையணை வைத்து மறுபக்கம் படுக்கச் சொல்லி, ஓங்கி அடிக்கும் பயிற்சியிலிருந்து அன்று அவரை விலக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கைப்பந்து வீராங்கனை ஒருவர்