மூன்று காலித் துளைகள்

தானியங்கி கியர்பாக்ஸை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், எந்த ரகக் காரில் எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று முடிவு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் என் காரின் நடுக் கன்சோலைக் கழற்றினேன். கியர் லீவரின் அடியில் இருந்த கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தால் மூன்று துளைகளில் ஒயரே இல்லை. மின்சுற்று வரைபடத்தைப் புரட்டினேன். ஒரு துளை ஓட்டுநரே கியரை மாற்றும் கையியக்க நிலைக்கு, இன்னொன்று கியரை ஏற்ற, மூன்றாவது இறக்க. இதே கியர்பாக்ஸும் இதே கட்டுப்பாட்டுக் கணினியும் உள்ள விலை கூடிய ரகத்தில் மூன்றிலும் ஒயர் ஓடுகிறது. என் காரில் மட்டும் நீங்கள் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள்.

கழற்றத் தூண்டியது ஒரு மலை இறக்கம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குச் சுமை இல்லை என்று கணக்குப் போட்டு, வழக்கமாக ஓட்டும் 'டி' நிலையில் உங்கள் கியர்பெட்டி மேல் கியருக்குத் தாவுகிறது. சமதளத்தில் எரிபொருள் மிச்சம்தான். கொண்டை ஊசி வளைவில், மேல் கியரில் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காததால், அதே புத்திசாலித்தனம் வண்டியை முன்னே தள்ளுகிறது. பிரேக்கை மிதித்து மிதித்து அடிவாரம் வந்து சேர்ந்தபோது சக்கரங்களிலிருந்து கருகல் நெடி. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது.

கையில் கியர் வேண்டும் என்ற ஆசை எனக்குப் புதிதல்ல. முன்பு வைத்திருந்த பழைய காரில் ஒரு பணிமனைக்காரர் சோலினாய்டு (கியர்பெட்டியின் எண்ணெய் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வால்வு) ஒயர்களைத் துண்டித்து, டாஷ்போர்டில் சுவிட்சுகள் வைத்துக் கொடுத்தார். இரண்டு சோலினாய்டுகள், நான்கு கியர்கள்; எது ஆன், எது ஆஃப் என்ற சேர்க்கையில் கியர் விழும். வெகு எளிது என்று மகிழ்ந்தேன். இறக்கத்தில் முதல் கியரைப் போட்டால் எஞ்சின் முனகக்கூட இல்லை, வண்டி தன்பாட்டுக்கு ஓடியது. பிறகுதான் விளங்கியது. அந்தப் பெட்டியில் 'டி'யின் முதல் கியர் ஒருவழி கிளட்சை நம்பி நிற்கிறது. அது எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும்போது இறுகும். சக்கரம் எஞ்சினைத் தள்ளினால் நழுவிவிடும். லீவரை 'எல்' என்ற கீழ் கியர் நிலைக்கு இழுத்தால், எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் வேறு பாதை திறந்து, எண்ணெய் அழுத்தம் பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஒரு பிரேக்கை இறுக்கும். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிப்பது அதன் பிறகுதான். சோலினாய்டை ஏமாற்றிய எங்களால் எண்ணெயை ஏமாற்ற முடியவில்லை. அந்தச் சுவிட்சுகளுக்குக் காவலும் கிடையாது. ஒரு நாள் நல்ல வேகத்தில் தவறான சுவிட்சைத் தட்டி எஞ்சினை அலற வைத்தேன். அன்று மாலையே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன்.

இந்த முறை உங்கள் வழியிலேயே போனேன். விலை கூடிய ரகத்தின் லீவர் ஒன்றைப் பழைய உதிரிபாகங்களில் தேடிப் பிடித்தேன். மூன்று ஒயர்கள், மூன்று முனைகள். முனையை ஒயரோடு அழுத்திப் பிணைக்கும்போது (கிரிம்ப்) இரண்டு முனைகளை நசுக்கிப் பாழாக்கினேன். எல்லாம் சேர்த்த பிறகும் கார் புது லீவரைக் கண்டுகொள்ளாமல் முறைத்தது. கணினியில் ஓர் அமைப்பை மாற்றியதும், மானியில் 'டி' மறைந்து '3' என்று எழுந்தது. லீவரைத் தட்டினேன், '2'. அதே இறக்கத்தில் மறுபடி இறங்கியபோது பிரேக்கை வளைவுகளில் மட்டுமே தொட்டேன்.

சந்தேகமில்லை, அந்த ஆற்றல் பெட்டிக்குள் முதலிலிருந்தே இருந்தது. போர்ஷே 'டிப்ட்ரானிக்' என்ற பெயரில் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. லீவர், ஒயர், கணினி அமைப்பு மூன்றையும் ஒரு தொகுப்பாக நீங்களே விற்றால் என்ன? உத்தரவாதம் கெடும் என்பீர்கள். இதே பெட்டிக்கு மேல் ரகத்தில் உத்தரவாதம் தருகிறீர்களே, அங்கே கெடாதது இங்கே எப்படிக் கெடும்? நீங்கள் விற்காதவரை ஆட்கள் சோலினாய்டு ஒயரில் கத்தியை வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஸ்டீயரிங்கின் பின்னால் கியர் மாற்றும் துடுப்பு பொருத்த ஆசைப்பட்டு, பேட்டரியைக் கழற்றாமல் ஏர்பேக்கில் கை வைப்பவர்களும் உண்டு.

தரும் கையியக்கத்தைக் கொஞ்சம் நேர்மையாகவும் தாருங்கள். எஞ்சினின் சுழல் வேகம் எல்லை மீறும் என்றால் கீழ் கியரை மறுப்பது சரி. அந்தக் காவலை நான் அனுபவத்தில் மதிக்கிறேன். ஆனால் மறுத்ததை மானியில் ஒரு சொல்லாகச் சொல்லுங்கள், பொத்தான் பழுதோ என்று நான் மூன்று முறை தட்ட வேண்டாம். ஆக்சிலரேட்டரைச் சற்று ஆழமாக மிதித்த உடனே என்னைக் கேட்காமல் கியரை இறக்குவதையும் விட்டுவிடுங்கள். இன்னொன்று, லீவரின் திசை. பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே சாய்கிறது, அப்போது வேண்டியது கீழ் கியர். ஆகவே முன்னே தள்ளினால் இறங்க வேண்டும். பிஎம்டபிள்யூவும் மஸ்தாவும் அப்படித்தான் வைக்கின்றன. மற்றவர்கள் ஏன் தலைகீழாக வைக்கிறீர்கள் என்பது எனக்கு இன்றுவரை புதிர்.

தொகுப்பை விற்க மனம் வந்தால் கூடவே பொருத்தும் முறையையும் அச்சிட்டுக் கொடுங்கள். கன்சோலைத் திரும்ப மூடியபோது என் கையில் ஒரு திருகு மீந்துவிட்டது. அது எங்கே போக வேண்டும் என்பதையாவது இப்போதே எழுதி அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
மூன்று ஒயர்களைத் தானே இழுத்துக்கொண்ட ஒரு வாடிக்கையாளர்