கைதட்டிய சத்தம் எங்கே போகிறது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாள் ஆகிறது. உன் மகள் கேட்ட கேள்வி பதில் எழுத விடாமல் இழுத்தடித்துவிட்டது. “கைதட்டுனா சத்தம் வருது, அப்புறம் அது எங்கேப்பா போகுது?” காற்றில் கரைந்துவிடும் என்று சொல்லிச் சமாளித்ததாக எழுதியிருந்தாய். அவள் அதை நம்பவில்லை என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சத்தம் வெப்பமாகிறது. அதுதான் பதில். கைதட்டியதும் காற்று நெருங்கியும் விலகியும் அலையாகப் பரவுகிறது. சுவரிலும் திரைச்சீலையிலும் மோதும்போது, ஒழுங்காக முன்னும் பின்னும் ஆடிய ஆட்டம் சிதறி, துகள்களின் தாறுமாறான அதிர்வாக மாறுகிறது. அந்தத் தாறுமாறான அதிர்வைத்தான் வெப்பம் என்கிறோம். ஆனால் அளவு மிக மிகக் குறைவு. நாம் சாதாரணமாகப் பேசும்போது வெளிவரும் ஒலியின் திறன் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். எந்தக் கைக்கும் அந்தச் சூடு தெரியாது.

இதை அவளிடம் அப்படியே சொன்னால் போதாது. வெப்பம் என்றால் என்ன என்பதிலேயே நாம் இருவரும் அந்த வயதில் கோட்டை விட்டவர்கள். வெப்பம் பரவும் வழிகள் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்றையும் ஒப்பித்து மதிப்பெண் வாங்கினோம். இரும்பு ஏன் ‘ஜில்’லென்று இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்போம். நேற்று அதைச் செய்து பார்த்தேன். ஒரு அலுமினியத் தட்டையும் மரப்பலகையையும் இரவு முழுக்க ஒரே அறையில் வைத்திருந்தேன். காலையில் தொட்டால் தட்டு குளிர்ந்தது, பலகை இதமாக இருந்தது. இரண்டின் மேலும் ஒரே அளவு பனிக்கட்டி வைத்தேன். பலகையில் இருந்தது அசையவே இல்லை. ‘குளிர்ந்த’ தட்டில் இருந்ததோ அடியில் நீர் கோத்து, வழுக்கி, கண்ணெதிரே சுருங்கியது.

இரண்டும் அறையின் வெப்பநிலையில்தான் இருந்தன. அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. என் கையிலிருந்து விறுவிறுவென்று வெப்பத்தை உறிஞ்சியது போலவே, பனிக்கட்டிக்கும் விறுவிறுவென்று கொடுத்துவிட்டது. அதாவது, கை வெப்பநிலையை அளப்பதில்லை. தன்னைவிட்டு வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் உணர்கிறது. இத்தனை வருஷம் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் வெப்பத்தை, பொருளுக்குப் பொருள் ஓடும் கண்ணுக்குத் தெரியாத திரவம் என்றே அறிஞர்கள் நினைத்தார்கள். மியூனிக்கில் பீரங்கி துளைக்கும் வேலையைக் கவனித்து வந்த ரம்ஃபோர்டுக்கு அதில் சந்தேகம் வந்தது. பித்தளையை நீருக்குள் வைத்து, மழுங்கிய துளைக்கருவியைக் குதிரைகளைக் கொண்டு சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது, நெருப்பே இல்லாமல்! 1798-இல் இதை எழுதி வெளியிட்டார். திரவம் என்றால் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோக வேண்டும் அல்லவா? தேய்க்கத் தேய்க்க வெப்பம் வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஜூல் என்ற ஆங்கிலேய அறிஞர், எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று கணக்கு போட்டார். அந்தக் கணக்கை நான் தாளில் போட்டுப் பார்த்து அசந்துவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றல், அதே தண்ணீர் சுமார் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றலுக்குச் சமம். அவ்வளவு பெரிய வீழ்ச்சி, வெறும் ஒரு டிகிரி! அப்படியிருக்க, கைதட்டலின் சூடு எப்படித் தெரியும்?

ஒளியும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது. சூரியனிலிருந்து வெற்றிடத்தைக் கடந்து எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வந்து, கறுப்புத் துணியில் விழுந்து அதைச் சுடவைக்கிறது. ஒலியால் வெற்றிடத்தைக் கடக்க முடியாது, அதற்கு ஏதாவது ஒரு ஊடகம் வேண்டும். வெப்பம், ஒளி, ஒலி என்று தனித்தனிப் பாடமாகப் பிரித்துச் சொல்லித் தருவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

சரி, ஒன்று செய். பனிக்கட்டியை வைக்கும் முன் அவளை இரண்டையும் தொடச் சொல். எதில் முதலில் உருகும் என்று கேட்டு, அவள் சொல்வதை ஒரு தாளில் எழுதி வை. பனிக்கட்டி உருகிய பிறகு அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்