வெல்டிங் பயிற்சி பெறும் ஏழை இளைஞர்களுக்குப் போதிய ராடும் தகடும் வழங்கக் கோரி மனு

அனுப்புநர்
வெல்டிங் பயிற்றுநர்கள், பட்டறை மேற்பார்வையாளர்கள்,
திருவெறும்பூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பெல் (பாரத மிகு மின் நிறுவனம்) ஆலையைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் முதலில் 3ஜி ஜாயிண்ட் போடச் சொல்வார்கள். அதாவது நிறுத்திவைத்த தகட்டில் கீழிருந்து மேலாகப் பற்றவைக்க வேண்டும். அரசு நிதியில் குறுகிய காலப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வருகிறவர்களில் பலர் இதிலேயே தோற்றுத் திரும்புகிறார்கள். அவர்கள் பழகியதெல்லாம் கிடத்திய தகட்டில்தான். நிறுத்திய தகட்டில் உருகிய உலோகம் வழியும். பயந்து கரண்டைக் குறைத்தால் ரூட் (இணைப்பின் அடிப்பகுதி) சேராமல் ஸ்லாக் (கசடு) உள்ளே சிக்கும். கூட்டினால் ஓரம் அரித்து அண்டர்கட் என்னும் பள்ளம் விழும்.

உருகி இணைப்பை நிரப்பும் குச்சிதான் ராடு; அது எரியாமல் கை பழகாது. பொது வேலைக்கான 6013 ரக ராடு, 3.15 மி.மீ. கனத்தில், கிலோவுக்கு ஏறக்குறைய 35 நிற்கும். ஒன்று எரிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். 10 கிலோ கொடுத்தாலும் ஆர்க் (மின்பொறி) பிடித்த நேரம் மொத்தம் ஏழு மணி நேர அளவுதான். வகுப்பில் உட்கார்ந்த நேரத்துக்கு வருகைப் பதிவு இருக்கிறது. எரித்த ராடுக்கும் கணக்கு வேண்டும்.

ஆகவே ஒருவருக்குக் குறைந்தது 15 கிலோ 6013, வலுவான இணைப்புக்கான 7018 ரகம் 5 கிலோ, அவற்றுக்கேற்ற தகடு என நிர்ணயித்து, பெயர்வாரியாகப் பதிவு செய்து கையெழுத்து பெற உத்தரவிட வேண்டுகிறோம். 7018 ஈரம் இழுக்கும். 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுடாமல் போட்டால் துளை விழும்; ஹைட்ரஜன் புகுந்து, ஆறிய பிறகு விரிசல் விடும். அதனால் மையந்தோறும் ராடு ஓவன் கட்டாயம்.

10 மி.மீ. தகடுகளின் சேரும் விளிம்புகளை இருபுறமும் 30 டிகிரி சாய்வாகச் சீவி, 3 மி.மீ. இடைவெளி விட்டு 3ஜி ஜாயிண்ட் போடவைத்து, துண்டு வெட்டி 180 டிகிரி வளைத்துப் பார்த்த பிறகே சான்றிதழ் தர வேண்டும். வளைவில் 3 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்தால் தேர்ச்சி கூடாது. பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால் தேர்வாளர்களுக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று: பயணப்படியை வாராவாரம் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். தினக்கூலியை விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு, பயிற்சி முடிந்து மொத்தமாக வரும் பணம் நாளைய பஸ் டிக்கெட்டுக்கு உதவாது.

அடுத்த அணி தொடங்கும் முன் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்